வாளியில் கிடந்த கட்டை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம், மார்கழித் திருவாதிரைக்கு முந்தின நாள், செவலை தென்காசியை விட்டுப் போனது. குற்றாலத்தில் தாண்டவ தீபாராதனை பார்க்க வந்த கூட்டம் ரயிலிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு இறங்கிக்கொண்டிருந்தது. ஊரே வந்து இறங்குகிற நேரத்தில் ஒரு குதிரை மட்டும் ஏற மாட்டேன் என்று பலகைப் பாலத்தில் முன்னங்காலை ஊன்றி நின்றது.

செவலை, மேலகரம் காந்திமதிநாத பிள்ளையின் பந்தயக் குதிரை. பந்தயப் புத்தகத்தில் அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அது காதைக்கூட அசைக்காது. பரமசிவன் நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தால் மட்டும் திரும்பிப் பார்க்கும். அவன்தான் அதன் குதிரைக்காரன். பொங்கல் பந்தயத்துக்காக அதைப் பட்டணத்துக்குக் கொண்டுபோகிறான். கூடவே பிள்ளையின் காரியஸ்தர் சிவசைலமும் போகிறார். அவருக்கு முன்பெட்டியில் இடம், பரமசிவனுக்குக் குதிரையோடு வைக்கோலில் இடம்.

"என்னவே பரமசிவம், மாப்பிள்ளை முறுக்கிக்கிட்டு நிக்காரு? பொண்ணு வீட்டுலே என்ன சீர் செய்யலையாம்?" என்று வண்டிப் பேட்டையிலிருந்து சத்தம் கொடுத்தான் முகம்மது மீரான். அவன் ஜட்கா ஓட்டுகிறவன். அவனுடைய கிழட்டு மட்டக் குதிரை, செவலையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தூங்கிக்கொண்டிருந்தது.

"உம்ம குதிரையை ஏத்தி அனுப்பும். அது பேசாம ஏறிரும்."

"ஏறும். இறங்குறதுக்குத்தான் உசுரு இருக்காது."

அப்போதுதான் தங்கத்தாய் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு வந்தாள். இடுப்பில் அருகம்புல் கட்டு, கையில் குதிரை தண்ணீர் குடிக்கும் இரும்பு வாளி. அவள் பரமசிவனின் மனைவி. செவலைக்குப் புல் கொண்டுவருகிறவளும் அவள்தான். புல் வாசனை பட்டதும் செவலை முறுக்கு விட்டுப் பலகையில் ஏறியது. மீரான், "பார்த்தீரா, மாமியா வந்ததும் மாப்பிள்ளை அடங்கிட்டாரு" என்றான்.

தங்கத்தாய் சிரிக்கவில்லை. வாளிப் பிடியில் ஒரு கயிற்றைச் சுற்றி, அதன் நுனியில் ஒரு சாண் நீளக் கட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அதைக் கட்டணுமாட்டி? மணி அடிக்கப் போறான்."

"கட்டாம? அசலூர்த் தண்ணியை மோந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிடும். அங்கன போயித் தொண்டை வத்தி நிக்கவா?"

பரமசிவன் குனிந்து பார்த்தான். "பழசா இது?"

"பழசு வெடிச்சுப் போச்சு. இது வேற."

"பதம் வந்ததுதானே?"

அவள் ஒரு முடிச்சு கூடுதலாகப் போட்டாள். "வந்தது, வந்தது. குதிரையைப் பாருங்க நீங்க."

பதம் வரவில்லை. அது அவளுக்குத் தெரியும்.

*

தங்கத்தாய் வடகரைக்காரி. அவளுடைய அப்பா உழவு மாடுகளை வாங்கித் தேற்றி விற்கிறவர். வடகரையில் தீனி எடுக்காத மாட்டுக்கு யாரும் வைத்தியரைத் தேடிப் போவதில்லை. மலையடிவாரத்து எட்டி மரத்தில் விரல்கனத்துக் கிளையை வெட்டி, பட்டையை நன்றாகச் சீவி எடுத்துவிட்டு, ஓடுகிற வாய்க்காலில் ஒரு மழைக்காலம் முழுக்கக் கல்லைக் கட்டிப் போட்டுவிடுவார்கள். விஷமெல்லாம் தண்ணீரோடு போய்விடும். கசப்பு மட்டும் கட்டையில் தங்கும். பிறகு நிழலில் உலர்த்தி, மாடு குடிக்கும் தொட்டியில் கிடக்க விடுவார்கள். அந்தக் கசப்பு நாக்கில் பட்டால் மாட்டுக்குப் பசி எடுக்கும். ஒரு கட்டை ஏழெட்டு வருஷம் வரும். அதை அவர்கள் மருந்து என்று சொல்வதில்லை. பானைக்குள் வெட்டிவேர் போட்டு வைக்கிற மாதிரி, தொட்டிக்குள் கட்டை.

மேலகரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது பிள்ளையின் லாயத்தில் இரண்டு வண்டிக் குதிரைகள் இருந்தன. குதிரைக்காரன் பெண்டாட்டி புல் கொண்டுவர வேண்டும் என்பது அந்த வேலையோடு ஒட்டிய ஏற்பாடு. மாட்டுக்கு அறுப்பதுபோல் குதிரைக்குப் புல்லை அரிவாளால் அறுத்துக் கட்டிக்கொண்டு வர முடியாது. வரப்பு அருகம்புல்லைக் களைக்கொத்தால் வேரோடு கொத்தி, மண் போக அடித்து, அலசி, உதறிப் போட வேண்டும். காலையில் வரப்பில் குந்தினால் வெயில் ஏறித்தான் எழுந்திருப்பாள். சில வருஷத்தில் அவள் வலது தோள் இடது தோளைவிடக் கீழே இறங்கிவிட்டது. பிள்ளை குட்டி இல்லை. "குதிரைக்குப் புல் சுமந்தே கோணிட்டா" என்று ஊர்ப்பெண்கள் சொன்னார்கள். அவளும் பதிலுக்கு, "நீங்க சும்மா இருந்தே கோணலா நடக்குதியளே" என்பாள். வாய்க்கு அஞ்சாதவள்.

செவலை லாயத்துக்கு வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தது. பெங்களூரில் யாரோ கழித்துக்கட்டிய குதிரை; பிள்ளை ஒரு பிடிவாதத்தில் வாங்கிவிட்டார். கொள்ளைத்தான் அங்கே காணம் என்பார்கள்; அதை வேகவைத்து வைத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டு நின்றுகொள்ளும். பரமசிவன் மிளகு, பெருங்காயம், சுக்கு எல்லாம் இடித்து உருண்டை பிடித்துப் பார்த்தான். நடக்கவில்லை. தங்கத்தாய்தான் தன் அப்பா தொட்டியிலிருந்து பழைய கட்டை ஒன்றைக் கொண்டுவந்து வாளியில் போட்டாள். கொஞ்ச நாளில் செவலை வாளியின் அடியை நக்கத் தொடங்கியது. பிறகு காணத் தொட்டியையும் நக்கியது. அடுத்த ஆனியில் குற்றாலச் சாரலில் அது ஐந்தருவிச் சாலையில் ஓடியதைப் பார்த்தவர்கள் வண்டியை ஓரம் கட்டி நின்றார்கள். ஆனால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. அந்தக் கசப்பு இல்லாத தண்ணீரை அது தொடாது.

அந்த வருஷம் பந்தயத்தில் புதுச் சட்டம் வந்திருந்தது. புறப்படுவதற்குச் சில நாள் முன்பு சிவசைலம் லாயத்துக்கு வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சட்டத்தைத் தமிழில் சொன்னார். ஜெயிக்கிற குதிரையின் வாயில் பஞ்சை விட்டு எச்சிலை எடுப்பார்கள். சீசாவில் அடைத்து அரக்கு முத்திரை வைத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். வேண்டாத சரக்கு ஏதாவது தென்பட்டால் ஜெயித்தது ஜெயித்ததில்லை. யார் கொடுத்தான், எதற்குக் கொடுத்தான், தெரிந்து கொடுத்தானா தெரியாமல் கொடுத்தானா என்ற பேச்சு கிடையாது. குதிரை யார் பொறுப்பில் இருந்ததோ அவன் குற்றவாளி. இந்தியாவில் எந்தப் பந்தயத் திடலிலும் அவன் பிறகு கால் வைக்க முடியாது.

"அதனாலே பொடி கிடையாது, உருண்டை கிடையாது, எண்ணெய் கிடையாது, ஊசி கிடையாது" என்றார் சிவசைலம்.

"மஞ்சள்?" என்றான் பரமசிவன்.

"கிடையாது."

"கொசுவுக்குச் சாம்பிராணி போடலாமா, அண்ணாச்சி?"

"உனக்குப் போட்டுக்க. குதிரைக்குக் கிடையாது."

தங்கத்தாய் புல்லை உதறிக்கொண்டே, "பிள்ளை பெத்தவளுக்குக்கூட இம்புட்டுப் பத்தியம் சொல்ல மாட்டாகளே" என்றாள்.

பரமசிவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டவன். அன்றைக்கே உருண்டை இடிக்கிற உரலைக் கழுவிக் கவிழ்த்தான். எண்ணெய்ச் சீசாக்களைக் கொல்லையில் கொட்டினான். பொடிகளை ஆற்றில் கரைத்தான். இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது வாளி அங்கேயேதான் இருந்தது, கட்டை அதற்குள்ளேயேதான் கிடந்தது. சிவசைலம் அதைக் காலால் நகர்த்திவிட்டுக்கூட நடந்தார். தண்ணீர் வாளியை மருந்தோடு சேர்த்து எண்ண வேண்டும் என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதற்கு அடுத்த நாள்தான் பழைய கட்டை நீளவாக்கில் வெடித்துப் பிளந்து போனது. தங்கத்தாய் மலையடிவாரத்துக்கு ஓடினாள். புதுக்கிளை வெட்டிச் சீவி வாய்க்காலில் போட்டாள். ஒரு மழைக்காலம் கிடக்க வேண்டியது ஒரு வாரம்கூடக் கிடக்கவில்லை. கணுக்களில் பட்டை ஒட்டியிருந்தது. நகத்தால் கீறினால் பச்சை தெரிந்தது. நுனிநாக்கில் வைத்துப் பார்த்தாள். காது வரைக்கும் கசந்தது. துப்பிவிட்டு, 'ஒரு கட்டைதானே, அத்தனை தண்ணியிலே என்ன செஞ்சிரும்' என்று நினைத்துக்கொண்டாள். குதிரை தாகத்தோடு நிற்கும் என்ற நினைப்பு மற்ற எல்லா நினைப்பையும் அமுக்கிவிட்டது.

*

பொங்கலுக்கு மறுநாள் தந்தி வந்தது. செவலை முதலில் வந்துவிட்டது. மேலகரத்தில் வெடி போட்டார்கள். பிள்ளை வீட்டில் வந்தவர் போனவருக்கெல்லாம் சீனி கொடுத்தார்கள். தென்காசி வண்டிப் பேட்டையில் முகம்மது மீரான் தன் மட்டக் குதிரைக்கு மாலை போட்டு, "தம்பி ஜெயிச்சுட்டாம்லே, உனக்கும் ரோசம் வரட்டும்" என்றான். தங்கத்தாய் அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்தபடியே யாருக்கும் தெரியாமல் அழுதாள். கோணல் தோள் அன்றைக்கு வலிக்கவில்லை.

மாசி பிறக்குமுன் அந்தச் சந்தோஷம் அழுகிப்போனது. அவள் மீதிப் புல்லை விற்கப் பேட்டைக்குப் போனபோது மீரான் வழக்கம்போல் கேலி பேசவில்லை. தார்க்குச்சியால் தரையைக் கீறிக்கொண்டே நின்றான்.

"என்ன அண்ணாச்சி, மூஞ்சியிலே மழை?"

"பிள்ளைவாள் வீட்டு டிரைவர் சொல்லுதான். எச்சியிலே என்னமோ தட்டுப்பட்டுதாம். ஜெயிச்சது செல்லாதாம். பரமசிவத்தைப் பெரிய துரைமாரெல்லாம் உக்காந்து விசாரிச்சு, இனிமே எந்தப் பந்தயத்துக்கும் வரப்பிடாதுன்னு எழுதிட்டாகளாம். இங்கிலீசுப் பேப்பர்லே பேரு போட்டு வந்திருக்காம்."

"அவிய ஒண்ணும் கொடுக்கலையே. எல்லாத்தையும் ஆத்துலே கொட்டிட்டுல்லா போனாக?"

"எட்டி விஷம்னு சொல்லுதான்ம்மா." மீரான் கசப்பாகச் சிரித்தான். "என் குதிரைக்கு எச்சி எடுத்தா என்ன வரும்? பசிதான் வரும்."

தங்கத்தாய் புல் கட்டைக் கீழே போட்டாள். வாயில் அந்தக் கசப்பு மறுபடி ஊறியது. காது வரைக்கும் ஏறியது.

*

செவலையும் பரமசிவனும் ஒரே வண்டியில்தான் திரும்பி வந்தார்கள். ஸ்டேஷனில் பிள்ளையின் ஆட்கள் குதிரையை வாங்கிக்கொண்டு, பரமசிவனைப் பார்த்து, "நீ லாயத்துக்கு வரவேண்டாம்னு எசமான் உத்தரவு" என்றார்கள். செவலை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. அவன் நாக்கை மடிக்கவில்லை.

வாளியும் போர்வையும் மட்டும் அவன் கையில் மிஞ்சின. வீட்டுக்கு வந்து வாளியை வாசலில் வைத்தான். தங்கத்தாய் அதைப் பார்த்தாள். பிடியில் அவள் போட்ட முடிச்சுகள் அப்படியே இருந்தன. முடிச்சுக்குக் கீழே கயிறு இல்லை. கடித்து அறுந்ததும் இல்லை, இற்று அறுந்ததும் இல்லை. கத்தி வைத்து ஒரே இழுப்பில் அறுத்திருந்தது.

"கட்டை எங்க?"

பரமசிவன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். "காணோம்."

"காணோம்னா? கயித்தை அறுத்துல்லா இருக்கு?"

"எவன் அறுத்தானோ."

"நீங்க விசாரணையிலே கட்டையைப் பத்திச் சொன்னீகளா?"

"கேக்கலை."

"கேக்காட்டி என்ன? இந்த மாதிரி, எங்க ஊர் வழக்கம், வாளியிலே ஒரு கட்டை கிடக்கும்னு சொல்லப்பிடாதா? கட்டையைக் காட்டியிருந்தா, ஓகோ இது தெரியாம நடந்ததுன்னு அவனுவளுக்கும் தெரிஞ்சிருக்கும்லா?"

"அவனுவ சட்டத்துலே தெரியாம நடந்ததுன்னு ஒண்ணும் இல்லட்டி." பிறகு அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் போலத்தான் இருந்தது. ஆனால் தங்கத்தாய் அதற்குள் எழுந்துவிட்டாள்.

"சிவசைலம்! அவருதான் கூட இருந்தது. கட்டை இருந்தா லாயத்து வழக்கம்னு ஆயிரும், எசமான் தலையிலே விடியும். கட்டை இல்லைன்னா குதிரைக்காரன் தலையிலே விடியும். எசமான் சொல்லி அவரு அறுத்திருக்காரு. இதைக் கேக்காம விடப்போறதில்லை."

பரமசிவன், "ஏட்டி, நில்லு" என்றான். அவள் நிற்கவில்லை. நடக்கத் தொடங்கியபோதுதான் அவளுக்குச் சில நாட்களாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு சரியாக வந்தது. பச்சைக் கட்டை என்ற நினைப்பு நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. இப்போது அதன்மேல் வைக்க அதைவிடப் பெரிய கல் ஒன்று கிடைத்துவிட்டது.

காந்திமதிநாத பிள்ளை கூடத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நல்ல உயரம், தோளில் சரிகைத் துண்டு. கோவில் கட்டளை நடத்துகிற குடும்பம். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசிப் பழக்கமில்லாதவர். அவர் மனைவி இராமலட்சுமி கதவுக்குப் பின்னால் நின்றாள். தங்கத்தாய் கூடத்துப் படியில் வாளியை வைத்தாள்.

"எசமான், எட்டி போட்டது நான். எங்க வீட்டுக்காரர் இல்லை. எங்க ஊருப் பழக்கம், இம்புட்டு வருஷமா இந்த வாளியிலேதான் கட்டை கிடந்துது. நீங்களே பார்த்திருப்பீக. ஒரு வார்த்தை பட்டணத்துக்கு எழுதிப் போடணும்."

பிள்ளை வெற்றிலையை மடித்தார். "கட்டை எங்கே?"

"அதை நீங்க சிவசைலம் அண்ணாச்சிகிட்டல்லா கேக்கணும்."

"என்ன சொல்லுதே?"

"கயித்தை அறுத்தது அவரு. அறுக்கச் சொன்னது நீங்க."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. பிள்ளை வெற்றிலையைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"நான் அறுக்கலை, தங்கத்தாய். அறுக்கச் சொல்லவும் இல்லை. வாளியிலே என்ன கிடந்துதுன்னு நான் ஒருநாளும் குனிஞ்சு பார்த்ததில்லை."

"அப்ப அவிய விஷம் வச்சாகன்னு எப்படி எழுதிக் கொடுத்தீக? சூதாட்டக்காரனுவ ஆளை வாங்கிட்டானுவன்னு எழுதிக் கொடுத்தீகன்னு உங்க டிரைவர்லா சொல்லுதாரு?"

அதற்கு அவர் இல்லை என்று சொல்லவில்லை. "ஆளைக் கொடுக்கலைன்னா குதிரையைக் கேப்பான். லாயத்துலேயே கோளாறுன்னு ஆச்சுன்னா செவலை அப்புறம் எங்கேயும் ஓட முடியாது. ஒண்ணைக் கொடுத்துத்தான் ஒண்ணைக் காப்பாத்தணும்."

"குதிரையைக் காப்பாத்திட்டீக. மனுசனை வித்துட்டீக."

"சரி, நீயே சொல்லு. நான் எழுதுதேன், புல் கொண்டுவாறவ ஒரு கட்டையைப் போட்டான்னு. அந்தச் சட்டத்துலே குதிரைக்காரன் உண்டு, பயிற்சிக்காரன் உண்டு, சொந்தக்காரன் உண்டு. புல் கொண்டுவாறவன்னு ஒரு ஆளே கிடையாது. உன்னை எந்த இடத்துலே வச்சு எழுத?"

ஆறு வருஷமாக அந்தக் குதிரை தங்கத்தாயின் தோளைத் தின்று வளர்ந்திருக்கிறது. ஆனாலும் அதைப் பற்றிய சட்டத்தில் அவளுக்குக் குற்றவாளியாக நிற்கக்கூட இடமில்லை. அவள் வாளியை எடுத்துக்கொண்டாள்.

"அறுத்தவன் கை அழுகும்" என்றாள். "சொன்னவன் நாக்கும் அழுகும்."

"ஏட்டி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுக்குள்ளே வந்து நின்னு என்ன பேச்சு பேசுதே?" என்று இராமலட்சுமி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அதற்குள் தங்கத்தாய் தெருவில் இறங்கிவிட்டாள். தெரு முழுவதும் கேட்கும்படி அதே இரண்டு வாக்கியத்தைத் திரும்பச் சொன்னாள்.

*

பிறகு வந்த வருஷங்களைச் சொல்வதற்கு அதிகம் இல்லை. குதிரை வைத்திருந்த ஜமீன்களுக்கெல்லாம் பரமசிவன் நடந்தான். விஷம் வைத்தவன் என்று அவனுக்கு முன்பே பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில் செங்கோட்டை மரப்பேட்டையில் தடி உருட்டப் போனான். குதிரையைத் தடவிப் பழகிய கை மரச் சிராய் ஏறி வீங்கியது. மாலையில் மேலகரத்துக்கு நடந்து வரும்போது லாயத்து வேலியைத் தாண்டித்தான் வர வேண்டும். செவலை அவன் காலடிச் சத்தத்துக்கே கனைக்கும். அவன் சாலையின் மறுபக்கத்துக்கு மாறி நடப்பான். கொஞ்ச நாள் கழித்து வயல் வழியாகச் சுற்றி வர ஆரம்பித்தான்.

தங்கத்தாய் லாயத்துக்குப் புல் கொடுப்பதை நிறுத்திவிட்டு ஜட்காக்காரர்களுக்கு விற்றாள். பிள்ளையை ஏசாத நாள் கிடையாது. பேட்டையில் ஏசினாள், சந்தையில் ஏசினாள். தேரோட்டத்தன்று அவர் வடத்தைத் தொட்டபோது, "அறுக்கிற கை வடம் பிடிக்குது பாருங்க" என்று கூட்டத்துக்குள்ளிருந்து கத்தினாள். ஏசும்போது அவள் நிமிர்ந்து நின்றாள். அந்தக் கோணல் தோள்கூட நேராகிவிட்ட மாதிரி இருக்கும். வீட்டில் பரமசிவன் ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்வதில்லை. "உங்களுக்கு ரத்தம்தான் ஓடுதா?" என்று அவனையும் ஏசுவாள். அவன் கஞ்சியைக் குடித்துவிட்டு எழுந்து போவான். ஒரே ஒரு தடவை, "போதும்ட்டி, அவரு மட்டுமா..." என்று தொடங்கினான். "அவரு மட்டும்தான்!" என்று அவள் கத்தியதில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

கட்டை போன பிறகு செவலை தாகம் முற்றினால்தான் தண்ணீரில் வாய் வைத்தது; புதுக் குதிரைக்காரனிடம் சரியாகத் தீனியும் எடுக்கவில்லை. மறுபடி பட்டணத்துக்குப் போய், பந்தயத்தில் கடைசிக் குதிரையாக வந்தது. பிள்ளை அதை யாரோ வண்டிக்காரருக்குத் தள்ளிவிட்டார். ஆளைக் கொடுத்துக் காப்பாற்றிய குதிரை அம்பாசமுத்திரம் சாலையில் மூட்டை இழுத்துச் செத்தது.

சண்டை வந்து ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது பரமசிவன் போனான். கோவேறு கழுதைகளை ஓட்ட ஆள் வேண்டும் என்றார்கள். பந்தயப் பேப்பரில் பேர் வந்ததா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. மீரான் வண்டியில்தான் ஸ்டேஷனுக்குப் போனார்கள். தங்கத்தாய் வழியெல்லாம் பிள்ளையை ஏசிக்கொண்டு வந்தாள். ரயில் நகர்ந்தபோதுதான் அவனிடம் வேறெதுவும் பேசவில்லை என்பது உறைத்தது. அதற்குள் பெட்டி போய்விட்டது.

அடுத்த வருஷம் காந்திமதிநாத பிள்ளை செத்துப்போனார். வாய்க்குள் புற்று வந்து, பேச்சு நின்று, கிடந்து செத்தார். மேலகரமே அவள் சாபத்தை நினைத்துக்கொண்டது. பாடை போகும்போது தங்கத்தாய் தெருமுனையில் நின்றாள். எல்லோரும் தலை குனிந்திருக்க, இவள் தெருவில் காறித் துப்பினாள். கொள்ளி வைக்கப் போனவன் திரும்பிப் பார்த்தான். திண்டாடிப்போன மீரான் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். "செத்தவருகிட்ட என்ன தாயி வீம்பு?" என்றான். "அவரு நாக்கு அழுகினது நியாயம்" என்றாள் அவள்.

அதற்கு மறு வருஷம் சர்க்கார் காகிதம் வந்தது. பர்மா எல்லையில் எங்கோ காய்ச்சலில் பரமசிவன் இறந்துபோனான் என்று அதில் இருந்தது. அவள் அழுதாள். அழுகைக்கு நடுவே பிள்ளையின் வீடு இருந்த திசையைப் பார்த்தும் மண்ணை வாரித் தூற்றினாள். அவர் ஒழுங்காக இருந்திருந்தால் இந்த மனுஷன் மலைக்காட்டுக்குப் போயிருப்பானா? அந்தக் கேள்வி இருந்ததால்தான் அவள் சாப்பிட்டாள், தூங்கினாள், மறுநாள் புல்லுக்குப் போனாள்.

*

நாற்பத்தாறாம் வருஷம் ஆடி மாதம். குற்றாலத்தில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் மேலகரம் வரை கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தபடி ஓர் ஆள் தங்கத்தாய் வீட்டைக் கேட்டுக்கொண்டு வந்தான். பெயர் பிச்சையா, கடையம் பக்கம். பரமசிவனோடு ஒரே அணியில் கழுதை ஓட்டியவன். காலில் குண்டுச் சிதறல் பாய்ந்து, வடக்கே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கிடந்து இப்போதுதான் ஊர் வந்தவன்.

"மதினி, அவன் கடைசி நாலு நாள் என் பக்கத்துலேதான் கிடந்தான். உங்ககிட்ட ஒரு சேதி சொல்லச் சொன்னான். நான் வரதுக்கு ரெண்டு வருஷம் ஆயிப்போச்சு. எனக்கு அர்த்தம் புரியலை. அவன் சொன்னதை அப்படியே சொல்லுதேன்."

தங்கத்தாய் புல்லை அலசிக்கொண்டிருந்தாள். அதே வாளி. பிடியில் அறுத்த கயிற்றின் முடிச்சு இன்னும் இருந்தது. சாட்சிக்கு வேண்டும் என்று அவள் அவிழ்க்கவே இல்லை.

"சொல்லும்."

"'கயித்தை அறுத்தது நான்தான்' அப்படின்னான். 'பஞ்சு விட்டு எச்சி எடுத்துட்டுப் போனானுவல்லா, அன்னைக்குச் சாயந்தரம் பக்கத்து லாயத்துக்காரன் சொன்னான், எட்டியைக்கூடக் கண்டுபிடிச்சிருவானுவன்னு. அப்பவே அறுத்துட்டேன். போலீசு ஊருக்கு வந்து அவளைக் கூட்டிட்டுப் போயிருமோன்னு பயந்துபோயிட்டேன். கட்டையை வச்சிருந்து காட்டியிருக்கணும்னு அப்புறம்தான் தோணிச்சு.' அப்படின்னான்."

அவள் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது.

"'வந்த அன்னைக்கே சொல்லத்தான் நினைச்சேன். அவ பிள்ளைவாள் மேலே பாய்ஞ்சுட்டா. ஏசினாத்தான் அவளாலே நிக்க முடிஞ்சுது, அதைப் பிடுங்க எனக்கு மனசு வரலை. நான் செத்துட்டா அவரை ஏசுறதை விட்டுரச் சொல்லு. அவரு செஞ்சது வேற, இது வேற.' அப்படின்னும் சொன்னான்."

"அவரு செத்து மூணு வருஷம் ஆச்சு" என்றாள் தங்கத்தாய். யாரோ வேறு ஒருத்தியின் குரல் போல இருந்தது.

பிச்சையா காலை மாற்றி ஊன்றிக்கொண்டான். "இன்னும் ஒண்ணு இருக்கு, மதினி. அதைச் சொல்லும்போதுதான் சிரிச்சான். 'காணம் வேகுற அடுப்புலே அதைப் போட்டேன். பச்சைக் கட்டைன்னு எனக்குத் தெரியும்னு சொல்லிரு. எரியறதுக்கு ரொம்ப நேரமாச்சு.'"